காரின் பின்பக்கம் 'டொக்' சத்தமா? டிஃபரன்ஷியல் மௌன்ட் பற்றித் தெரிஞ்சுக்கலாம், வாங்க!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கலாம் என்று யோசிக்கிறீர்கள். அல்லது ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது. சாயம் பளபளக்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம்.

"டிஃப் போச்சு, முழுசா மாத்தணும்" என்று யாராவது சொல்லலாம். உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். கோளாறு டிஃபரன்ஷியலில் இல்லாமல், அதைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பரில் இருக்கலாம். இரண்டுக்கும் ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

அந்த ரப்பர் துண்டு என்ன செய்கிறது? தேய்ந்துபோனதை எப்படிக் கண்டுபிடிப்பது? மாற்றும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

டிஃபரன்ஷியல்... அது என்னது?

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓடவேண்டும். உட்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம் போதும். ஒரே இரும்புத் தண்டில் இரண்டையும் பூட்டிவிட்டால் ஏதாவது ஒரு டயர் சாலையில் இழுபடும்.

இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பற்சக்கரத் தொகுப்புதான் டிஃபரன்ஷியல். வொர்க்ஷாப்பில் சுருக்கமாக 'டிஃப்' என்பார்கள்.

பின்சக்கரங்களால் இயங்கும் காரில் அதற்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு.

* எஞ்சினிலிருந்து நீளவாட்டில் வரும் சுழற்சியை 90 டிகிரி திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்பும்
* வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பல மடங்கு கூட்டும்

உங்கள் வீட்டு கார் முன்சக்கரங்களால் மட்டும் இயங்குகிறதா? அப்படியென்றால் அதன் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். தனி மௌன்ட் கிடையாது. இந்தக் கட்டுரையில் சொல்லும் பிரச்சினை உங்களுக்கு வராது.

அதற்கு ஏன் ரப்பர்?

பழைய பாணி கார்களிலும் பல பிக்அப் வாகனங்களிலும் டிஃபரன்ஷியல் பின் அச்சுக்குள்ளேயே இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அதனால் டிஃபரன்ஷியலைக் காரின் அடிச்சட்டத்தில் பொருத்துகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் சப்ஃபிரேம்.

இரும்பை இரும்போடு நேரடியாக முடுக்கினால் பற்சக்கரங்கள் போடும் சத்தமும் அதிர்வும் நேராகக் காருக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு ரப்பர் வைக்கிறார்கள். உலோக வளையத்துக்குள் ரப்பர், ரப்பருக்கு நடுவில் போல்ட் போக ஓர் உலோகக் குழாய். அந்த உருளைதான் புஷ். அதுதான் டிஃபரன்ஷியல் மௌன்ட்டின் உயிர்.

ஒரு காரை வைத்துப் பார்ப்போம்

மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டு சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. 2016இல் அதன் மொத்தத் தயாரிப்பு 1 மில்லியனைத் தொட்டது. எடை குறைவு, எஞ்சின் முன்னால், இயக்கம் பின்சக்கரத்தில். டிஃபரன்ஷியல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள நல்ல உதாரணம்.

முதல் தலைமுறை 1.6 லிட்டர் காரின் கணக்கைப் பாருங்கள்.

* எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை: சுமார் 136 நியூட்டன் மீட்டர்
* முதல் கியர் அதைப் பெருக்குவது: 3.136 மடங்கு
* டிஃபரன்ஷியல் மேலும் பெருக்குவது: 4.3 மடங்கு

மூன்றையும் பெருக்கினால் சுமார் 1,830 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் படுக்கைவாட்டில் நீட்டி, அதன் முனையில் 186 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதுபோல.

உராய்வால் கொஞ்சம் குறையும். ஆனாலும் 'சின்ன கார், சின்ன எஞ்சின்' என்று நாம் நினைக்கும் காரிலேயே இவ்வளவு!

சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும்போது டிஃபரன்ஷியலின் கூடு அதற்கு எதிர்த்திசையில் புரளப் பார்க்கும். ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ஆக்சிலரேட்டரை விட்டால் விசை திசை மாறும். மறுபடி அழுத்தினால் மறுபடி மாறும். ஒரே பயணத்தில் நூற்றுக்கணக்கான முறை.

எம்எக்ஸ்-5 காரில் அந்த எதிர்வினையைத் தாங்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது. அதை பவர் பிளான்ட் ஃபிரேம் என்பார்கள். சுருக்கமாக பிபிஎஃப்.

அதனால் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே நீளத் தொகுப்பாகிவிடுகின்றன. அந்தத் தொகுப்பைத் தாங்குவது நான்கே இடங்கள்தான். முன்னால் இரண்டு எஞ்சின் மௌன்ட். பின்னால் டிஃபரன்ஷியலின் இரண்டு பக்கமும் கைபோல் நீளும் பகுதிகளில் இரண்டு புஷ்.

நான்கில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற மூன்றின்மீது சுமை கூடும்.

ரப்பர் ஏன் கெட்டுப்போகிறது?

'மைலேஜ் கம்மி, அதனால் எல்லாம் புதுசு மாதிரி' என்று விற்பவர் சொல்லலாம். ரப்பர் விஷயத்தில் அது செல்லாது. ஓடாமல் நின்ற காரிலும் ரப்பருக்கு வயதாகும்.

* வெப்பமும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரைக் கெட்டியாக்கி வெடிக்கவைக்கும்
* கசியும் ஆயில் பட்டால் ரப்பர் உப்பி மென்மையாகிவிடும்
* திரும்பத் திரும்ப இழுபடுவதால் ரப்பர் உலோகத்திலிருந்து பிய்ந்துவரும்
* கிளட்ச்சைச் சட்டென்று விட்டுப் பாய்ந்து கிளம்பும் பழக்கம் அதை விரைவுபடுத்தும்

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு காரணத்தாலும் முக்கியத்துவம் உண்டு. இங்கு வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். புதுப்பித்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினால் அதன் ரப்பர் பாகங்களுக்கும் பத்து வயது தாண்டியிருக்கும். முன்பு யாரும் மாற்றவில்லை என்றால், மாற்றவேண்டிய ஆள் நீங்கள்தான்.

அறிகுறிகள் என்ன?

மௌன்ட் தேய்ந்தால் வரும் சத்தத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. விசை திசை மாறும் தருணத்தில் ஒரு முறை 'டொக்' என்று கேட்கும். தொடர்ந்து கேட்காது.

* முதல் அல்லது இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டால் கேட்கும்
* நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கேட்கும்
* ரிவர்ஸுக்கு மாற்றி நகரும்போது கேட்கும்
* கியர் மாற்றும்போது பின்னாலிருந்து யாரோ லேசாக இடித்ததுபோல் இருக்கும்

பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் காதில் விழும்.

வேறு கோளாறாகவும் இருக்கலாமா?

நிச்சயமாக. இங்குதான் பலருடைய பணம் வீணாகிறது. சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

* 'ஊய்ங்' என்று தொடர்ந்து கேட்டு, வேகத்துக்கு ஏற்ப மாறுகிறதா? பற்சக்கரத்தையோ பேரிங்கையோ பார்க்கவேண்டும். மௌன்ட் மாற்றினால் தீராது.
* மேட்டிலும் பள்ளத்திலும் மட்டும் கேட்கிறதா? சஸ்பென்ஷன் பாகமாக இருக்கலாம்.
* வேகம் கூடும்போது தரையில் அதிர்வு தெரிகிறதா? புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அதன் மூட்டுகளையும் பார்க்கவேண்டும்.
* திரும்பும்போது 'டக் டக்' என்று வரிசையாக வருகிறதா? சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் மூட்டைச் சோதிக்கவேண்டும்.

கண்ணால் பார்ப்பதும் ஏமாற்றலாம். நிசான் 350இசட் காரின் டிஃபரன்ஷியல் புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பப்பட்டிருக்கும். ரப்பர் வெடித்தால் அது கறுப்பாக வழிந்து நிற்கும். பார்த்தவுடன் டிஃபரன்ஷியல் ஆயில் கசிகிறது என்று தோன்றும். உண்மையில் செத்துப்போனது புஷ்தான்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. பிஎம்டபிள்யூ இ46 வகைக் கார்களில் பின் சப்ஃபிரேம் பொருந்தும் தரைத் தகடே விரிசல் விடும் கோளாறு பரவலாக அறியப்பட்டது. அதிலும் பின்பக்கத்தில் இடிப்பதுபோல் சத்தம் வரலாம். அங்கே புது ரப்பர் போட்டுப் பயனில்லை. தகட்டைப் பற்றவைத்துப் பலப்படுத்தவேண்டும்.

ஆக, காரை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. மெக்கானிக் நெம்புக்கம்பியால் டிஃபரன்ஷியலை மெதுவாக நெம்பிப் பார்ப்பார். நல்ல ரப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து திரும்பும். கெட்டது தாராளமாக ஆடும். வெடிப்பும் ரப்பர் பிரிந்த இடைவெளியும் கண்ணுக்கே தெரியும். அதை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்?

பெரும்பாலும் கார் நடுச்சாலையில் நின்றுவிடாது. அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

ஆனால் டிஃபரன்ஷியல் ஆடும்போது அதோடு இணைந்தவையும் சேர்ந்து ஆடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளும் சக்கர ஷாஃப்ட்களும் கோணலான நிலையில் வேலைசெய்யும். ஆயில் சீல்கள் பாதிக்கப்படலாம். ரப்பர் முழுதாகப் போய் உலோகம் உலோகத்தோடு மோத ஆரம்பித்தால் போல்ட்டும் அது பொருந்தும் இடமும் அடிவாங்கும்.

ஓட்டும்போதும் வித்தியாசம் தெரியும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார் ஒரு நொடி தயங்கிப் பிறகு தள்ளும். ஈரச்சாலையில், பின்சக்கர இயக்கக் காரில், அந்தத் தயக்கம் ஓட்டுநருக்கு நல்லதல்ல.

எந்த வகை புஷ் போடலாம்?

மூன்று வகை உண்டு.

ரப்பர்: கார் தயாரிப்பாளர் பொருத்தியதைப் போன்றது. சத்தமும் அதிர்வும் குறைவு. தினமும் வேலைக்கு ஓட்டும் காருக்கு இதுவே போதும்.

பாலியுரிதேன்: ரப்பரைவிடக் கடினம். ஆக்சிலரேட்டருக்குக் கார் உடனே பதில் சொல்லும். ஆயில் பட்டாலும் எளிதில் கெடாது. ஆனால் பற்சக்கரச் சத்தம் காருக்குள் கூடுதலாகக் கேட்கும். அதன் கடினத்தன்மையில் பல அளவுகள் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

அலுமினியம்: கொஞ்சமும் நெகிழாது. பந்தயத்தடத்துக்கு ஏற்றது. சாலையில் தினமும் ஓட்டினால் இரைச்சல் காதைத் துளைக்கும்.

'கடினமாக இருந்தால் நல்லது' என்பது எப்போதும் சரியல்ல. எம்எக்ஸ்-5 காரின் நான்கு தாங்குமிடங்களை நினைத்துப் பாருங்கள். பின்னால் இரண்டை மட்டும் இறுக்கிவிட்டு, முன்னால் தளர்ந்த எஞ்சின் மௌன்ட்டை அப்படியே விட்டால் தொகுப்பு முன்னால் ஆடும். சத்தமும் முழுசா போகாது. மாற்றினால் நான்கையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது.

சிங்கப்பூரில் வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரித்திருக்கிறது. அனுமதி தேவைப்படாதவை, அனுமதி தேவைப்படுபவை, அறவே கூடாதவை. அசல் வகையிலிருந்து மாறும் பாகத்தைப் போடுவதற்கு முன்னர் ஆணையத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். காருக்கு உத்தரவாதம் இருந்தால் விற்பனையாளரிடமும் கேளுங்கள்.

எப்படி மாற்றுகிறார்கள்?

காருக்குக் கார் மாறும். எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளில் வேலை ஏறக்குறைய இப்படி நடக்கும்:

1. காரை லிஃப்ட்டில் உயர்த்தி டிஃபரன்ஷியல் ஆயிலை வடிப்பார்கள். வடிந்த ஆயிலையும் பார்ப்பது நல்லது. உலோகத் துண்டுகள் தென்பட்டால் உள்ளே வேறு பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம்.

2. புரொப்பெல்லர் ஷாஃப்ட் எந்த நிலையில் பொருந்தியிருக்கிறது என்று அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றுவார்கள். மறுபடி அதே நிலையில் பூட்டினால்தான் அதிர்வு வராது.

3. கியர்பாக்ஸுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு பிபிஎஃப் சட்டத்தைக் கழற்றுவார்கள். முட்டு இல்லாமல் கழற்றினால் கியர்பாக்ஸ் தொங்கிவிடும்.

4. சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்களைப் பிரிப்பார்கள். 1.6 லிட்டர் முதல் தலைமுறையில் அவை போல்ட்டில் பொருந்தியிருக்கும். பிறகு வந்த 1.8 லிட்டர் கார்களில் டிஃபரன்ஷியலுக்குள் செருகியிருக்கும்.

5. ஜாக்கியால் தாங்கியபடி டிஃபரன்ஷியலைக் கீழே இறக்குவார்கள். கனமான உருப்படி. ஒருவர் கையில் ஏந்தி இறக்கக்கூடியது அல்ல.

6. பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி வெளியே எடுத்து, புதியதை உள்ளே ஏற்றுவார்கள். சில ரப்பர் புஷ்ஷில் ஒரு பக்கம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதைத் தப்பான திசையில் போட்டால் தாங்கவேண்டிய பக்கம் தாங்காது.

7. எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குவார்கள். உரிய ஆயிலை ஊற்றுவார்கள். லிமிட்டட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் என்றால் அதற்கு ஏற்ற ஆயில் வேண்டும்.

8. கடைசியாக, பிபிஎஃப் சட்டத்தின் உயரத்தை அளந்து சரிசெய்வார்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். உயரம் தவறினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். 'டொக்' போய், புதிதாக அதிர்வு வந்து சேரும்.

படிகளைப் பார்த்தாலே புரிந்திருக்கும். புஷ் சின்னது, வேலை பெரியது. ரசீதில் பாகத்தின் விலையைவிடக் கூலியே அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படவேண்டாம். கழற்றிய நேரத்திலேயே சீல்களையும் பார்த்துவிட்டால், அதற்காக இன்னொரு முறை கூலி கொடுக்கவேண்டியதில்லை.

நாமே செய்யலாமா?

இணையத்தில் காணொளி பார்த்தால் சுலபமாகத் தெரியும். ஆனால் இது கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல. லிஃப்ட்டும் பிரஸ்ஸும் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். 'சும்மா ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்க்கிறேன்' என்றாலும் அதே விதிதான்.

கட்டாயச் சோதனையில் தெரிந்துவிடாதா?

சிங்கப்பூரில் 3 முதல் 10 வயது வரையுள்ள கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை. 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். அந்தச் சோதனை கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும். ஒவ்வொரு ரப்பரும் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்வது அதன் வேலையல்ல.

பழைய கார் வாங்குவோர், சோதனையில் தேறிய சான்று இருக்கிறதே என்று நின்றுவிடாமல், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பணிமனையில் காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. முன்பணம் கட்டுவதற்கு முன்!

பணிமனையில் என்னென்ன கேட்கலாம்?

* சத்தம் மௌன்ட்டிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதிசெய்தீர்கள்? எனக்குக் காட்டமுடியுமா?
* எஞ்சின் மௌன்ட், சப்ஃபிரேம் புஷ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டு ஆகியவற்றையும் பார்த்தீர்களா?
* புஷ் மட்டும் கிடைக்குமா? அல்லது அது பொருந்திய பாகத்தோடு சேர்த்து வாங்கவேண்டுமா?
* போடப்போவது ரப்பரா, பாலியுரிதேனா? எந்த நிறுவனத்துடையது?
* பாகத்துக்கு எவ்வளவு? கூலி எவ்வளவு? ஆயிலும் சேர்த்தா?
* கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?
* மறுபடி சத்தம் வந்தால் என்ன உத்தரவாதம்?

ஜொகூருக்கு எடுத்துச்சென்று மாற்ற நினைப்பவர்களும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு அங்கே இன்னும் முக்கியத்துவம் அதிகம். சத்தம் திரும்ப வந்தால் மறுபடி எல்லை தாண்டிப் போகவேண்டியிருக்கும்.

பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'டிஃப் முழுசா மாத்தணும்' என்ற முடிவுக்குப் பிறகும் வரலாம். கார் லிஃப்ட்டில் ஏறி, மெக்கானிக்கோடு சேர்ந்து நீங்களும் அடியில் பார்த்த பிறகு!